சாக்குக்கு இரண்டு

கட்டபெட்டிலிருந்து கீழே இறங்கும் வளைவில்
தகரம் போட்ட இலைக்கொட்டகை.
உத்தரத்தில் தொங்குகிறது தராசு.
அதன் பக்கத்தில் நான்,
காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன்.

"ஸ்தோத்திரம் ஐயா,
ஞாயிற்றுக்கிழமை சாட்சி நான் சொல்றேன்"
என்று போதகரிடம் பேசிக்கொண்டே
முப்பத்தாறு காட்டிய முள்ளுக்கு
முப்பத்து நான்கு என்று எழுதினேன்.
கை பழகியிருந்தது.
அது செய்வதை வாயிடம் சொல்வதில்லை.

சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு,
ஏஜெண்ட் போட்ட சட்டம்.
மழைநாளில் ஈரத்துக்கு என்பார்,
வெயில்நாளில் காம்புக்கு என்பார்,
உறைபனியில் கொழுந்து கருகும் ஜனவரியில்
காரணமே சொல்ல மாட்டார்.
நம்ம சபைதான் அவரும்.
காணிக்கைத் தட்டு பிடிக்கிறவர்.

ஆளில்லாத ஒரு மத்தியானம்
வெறுஞ்சாக்கை மட்டும் மாட்டிப் பார்த்தேன்.
முள் அசைந்ததா என்று
கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது.

லெந்து நாற்பது நாளும்
மீன் தொடவில்லை, பூ வைக்கவில்லை,
காபிகூட ஒரு வேளைதான்.
தராசை மட்டும் தினம் தொட்டேன்.
பாடகர் குழுவில் என் குரல் தனியாகக் கேட்குமாம்.
அதே குரலில்தான்
"ஏ சனியனே, தூக்குடா" என்பேன்
மூட்டை ஏற்றுகிற தங்கமாரியை.

எடை போடும்போது எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள்.
ஜோகி மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்ப்பார்.
அவர் மருமகன் போனில் படமே எடுப்பான்.
(அவர்களுக்கு ஒன்றுதான் கழிப்பேன்.)
நஞ்சி மட்டும் பார்ப்பதில்லை.
மூட்டையை மாட்டிவிட்டு
வெள்ளை முண்டின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
எனக்கு முதுகைக் காட்டி
பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்து நிற்பாள்.

போன செவ்வாய்க்கிழமை கேட்டேன்,
ஏன் கேட்டேனோ.
"எடையைப் பார்க்க மாட்டியா நஞ்சி?"

"நீ வேதக்காரி.
நான் வேற எதுக்குப் பார்க்கணும்?"

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.
அதில் குத்தல் எதுவும் இல்லை,
இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
பஸ் வந்தது. ரசீதைப் படிக்காமலே
இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிப் போனாள்.

ஆறு வருஷம்.
வாரத்துக்கு மூன்று சாக்கு, சில வாரம் நான்கு.
கணக்குப் போட ஆரம்பித்து
இரண்டாம் வருஷத்தில் நிறுத்திவிட்டேன்.

அவளிடம் வேதம் இல்லை,
வாங்கிப் படிக்க அவளுக்கு எழுத்தும் தெரியாது.
வாரம் இரண்டு தடவை என்னைத்தான் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.
பிழை நிறைந்த பிரதி,
அட்டை மட்டும் கறுப்பு.

புதன்கிழமை முப்பத்தாறுக்கு முப்பத்தாறு எழுதினேன்.
முப்பத்தொன்றரைக்கு முப்பத்தொன்றரை.
சாயங்காலம் ஏஜெண்ட் பேரேட்டைப் புரட்டிவிட்டு
"வித்தியாசத்தை உன் சம்பளத்துல பிடிப்பேன், சுகிர்தம்" என்றார்.
"பிடிங்க" என்றேன்.
வீரமாக இல்லை,
தொண்டையில் தேயிலைத் தூசி விழுந்த மாதிரி வந்தது.
ரேஷன் அரிசி இருக்கிறது, கேஸ் தீரப்போகிறது
என்றுதான் அப்போது நினைத்தேன்.

சாட்சி சொல்ல வரவில்லை,
சளி என்று போதகருக்குச் சொல்லி அனுப்பினேன்.
சளி இல்லை.
அதையும் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை,
கை எட்டும் தூரத்தில் மஞ்சு.
லாரி வந்துவிட்டது, மூட்டை கிடக்கிறது,
வாய் பழக்கத்தில் "ஏ ச" வரைக்கும் போய்விட்டது.
விழுங்கிக்கொண்டு,
"தங்கமாரி" என்று கூப்பிட்டேன்.

தலையில் சும்மாடு வைத்தவன்
அப்படியே நின்றுவிட்டான்.
சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு
மெதுவாகக் கிட்டே வந்து கேட்டான்,

"என்னக்கா,
காசு கீசு ஏதும் வேணுமா?"